தண்ணீரின் தரத்தை எழுதும் கை

கிளாமத் என்கிற ஆறு அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில் ஓர் ஏரியிலிருந்து புறப்பட்டு, கலிபோர்னியாவுக்குள் இறங்கி, பசிபிக் கடலில் விழுகிறது. அதன் குறுக்கே 1918 தொடங்கி 1960கள் வரை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த நான்கு நீர்மின் அணைகளை 2023, 2024 ஆண்டுகளில் இடித்து அகற்றினார்கள். வேலை முடிந்த சில வாரங்களிலேயே, 2024 அக்டோபரில், சால்மன் மீன்கள் நூறு வருஷத்துக்கு மேலாக எட்டிப் பார்க்க முடியாதிருந்த ஓரெகன் ஓடைகளுக்குள் ஏறிப் போய்விட்டன. இதைப் பற்றி எழுதியவர்களில் பலபேர் 'இயற்கை வென்றது' என்று எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒத்துவரவில்லை. இயற்கை மனு எழுதாது. இயற்கை கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்து வாசலில் போய் நிற்காது. இதையெல்லாம் செய்தவர்கள் யூரோக், காருக், ஹூபா, கிளாமத் என்ற பூர்வகுடிச் சனங்கள். இருபது வருஷத்துக்கு மேல் செய்தார்கள். வெற்றி என்று வந்தால் சனங்களின் பேரை அழித்துவிட்டு மரத்துக்கும் மீனுக்கும் எழுதிவைப்பது எல்லா நாட்டு மேட்டுக்குடிப் பேனாவுக்கும் உள்ள பழக்கம்தான்.

இந்தத் தலையங்கத்தில் அந்தப் போராட்டம் முழுவதையும் சொல்லப்போவதில்லை. அதற்குள் கிடந்த ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் பேச நினைக்கிறேன். மாநில அரசு கொடுக்கிற நீர்த்தரச் சான்று. அணை நடத்துகிற கம்பெனி இந்தக் காகிதம் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. கேட்க அலுப்பூட்டும் சங்கதிதான். 'அண்ணே, சேரியில குடிக்கத் தண்ணி இல்லன்னு பேசிக்கிட்டிருக்கோம், நீங்க அமெரிக்காக்காரன் அணைக்கு சர்ட்டிபிகேட் வாங்குன கதையச் சொல்றீங்களே' என்று ஒரு மாணவத் தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதைப் படித்து முடித்த பிறகு அவரே மறுபடியும் கேட்கட்டும்.

முதலில் ஒரு பொய்யைக் கிழித்துப் போட வேண்டியிருக்கிறது. நீர்மின்சாரம் சுத்தமானது என்கிறார்கள். நிலக்கரி புகைகிறது, அணு உலை பயமுறுத்துகிறது, அணையில் என்ன இருக்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது, அதே தண்ணீர் வெளியே வருகிறது என்கிறார்கள். அதே தண்ணீர் வெளியே வருவதில்லை. ஓடுகிற தண்ணீரை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் அது அடுக்கடுக்காகப் பிரிந்துகொள்கிறது. மேலே வெயில் பட்ட சூடான நீர், அடியில் குளிர்ந்த நீர், இரண்டும் கலப்பதில்லை. அடியில் மூழ்கிக் கிடக்கும் இலைதழையும் சேறும் மக்கும்போது அங்கிருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. காற்றுப்படாத அந்தச் சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து நீருக்குள் வருகின்றன. அழுகிய முட்டை நாற்றமடிக்கிற வாயு உண்டாகிறது. டர்பைனுக்குப் போகிற குழாய் பெரும்பாலும் ஆழத்திலிருந்துதான் நீரை எடுக்கிறது. ஆகவே கீழே விடப்படுவது மூச்சடைத்த தண்ணீர். மேல்நீரை எடுத்தாலோ கொதிக்கிற வெயில் காலத்தில் சூடான நீர் ஆற்றுக்குள் போகிறது. மதகைத் திறந்து உயரத்திலிருந்து கொட்டினால் காற்று அளவுக்கு மீறி நீருக்குள் அமுங்கிக் கரைந்து, மீனின் ரத்தத்தில் குமிழி கட்டிக் கொல்கிறது. தண்ணீரைக் குழாயில் திருப்பி மின் நிலையத்துக்குக் கொண்டுபோனால் நடுவில் இருக்கிற ஆற்றுப் பகுதி வெறும் பாறையாகக் கிடக்கிறது. ஒரு துளி விஷத்தைக்கூட யாரும் ஊற்றவில்லை. ஆனாலும் ஆறு கெட்டுப்போய்விட்டது.

கிளாமத்தில் இன்னொன்றும் நடந்தது. காப்கோ, அயர்ன் கேட் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களிலும் கோடை வந்தால் மைக்ரோசிஸ்டிஸ் என்கிற பச்சைப் பாசி பெயிண்ட் ஊற்றினாற்போலப் படரும். அது கக்கும் நஞ்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. 2005 வாக்கில் அளந்து பார்த்தபோது உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைப் பல மடங்கு தாண்டியிருந்தது. கரையில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். காருக் சனங்களின் முக்கியமான சடங்கில், அதை நடத்துகிறவர் கோடைக் கடைசியில் நாள்கணக்கில் ஆற்றில் முங்கியாக வேண்டும். பாசி பூக்கிற அதே காலம். பலகை 'தண்ணீரைத் தொடாதே' என்கிறது. தண்ணீரைத் தொடாதே என்ற சொல்லை நாம் எத்தனை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம்! அவர்களுக்கு அது வேறு காரணத்துக்காக, வேறு ஆட்களிடமிருந்து வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கெடுத்தவனை விட்டுவிட்டுத் தொடுகிறவனை விலகச் சொல்லும் நியாயம் இரண்டிலும் இருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1920இலேயே நீர்மின் அணைகளுக்கு உரிமம் கொடுக்கிற அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. உரிமம் என்றால் 30 முதல் 50 வருஷம் வரை. மாநிலங்கள் குறுக்கே வந்தபோதெல்லாம் உச்சநீதிமன்றம் 1946இலும் 1990இலும் 'இது மத்திய ஆணையத்தின் வேலை, நீங்கள் ஒதுங்குங்கள்' என்றது. இதில் ஒரே ஒரு சந்து 1972இல் வந்த தூய நீர்ச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 401ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மத்திய உரிமம் கேட்கிற ஒருவரின் வேலையால் ஆற்றுக்குள் ஏதாவது வெளியேற்றம் இருக்குமானால், அது எங்கள் நீர்த்தரத்துக்கு ஒத்துப்போகும் என்று மாநிலம் சான்று தரவேண்டும். மாநிலம் மறுத்தால் உரிமம் கிடையாது. நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை உரிமத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், மத்திய ஆணையம் அதைக் கிள்ளிப்போட முடியாது. மாநிலம் ஒரு வருஷத்துக்குள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. கடைசி வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்துக்கு முன்னின்றவர் எட்மண்ட் மஸ்கி என்ற செனட்டர். மெய்ன் மாநிலத்தில் ரம்ஃபோர்ட் என்ற காகித ஆலை ஊரில், போலந்திலிருந்து வந்த ஒரு தையல்காரரின் பிள்ளையாகப் பிறந்தவர். ஆலைக் கழிவில் நாறிய ஆற்றின் பக்கத்தில் வளர்ந்தவர். அதிபர் நிக்சன் இந்தச் சட்டத்தை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். மறுநாளே நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது.

ஆனால் சட்டம் வந்ததும் அணைகள் அடங்கிவிடவில்லை. அணைக்காரர்களுக்காக வாதாடிய வக்கீல்களின் மூளை லேசுப்பட்டதல்ல. 'நாங்கள் மாசு எதையும் சேர்க்கவில்லை, வந்த தண்ணியத்தான் விடுறோம்' என்றார்கள். 1982இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆலைகள் வாங்குகிற கழிவு வெளியேற்ற அனுமதியை அணைகள் வாங்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. மிச்சமிருந்தது 401ஆம் பிரிவின் சான்று மட்டும். அதையும் அடைக்கப் பார்த்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டோசிவாலிப்ஸ் என்ற ஆற்றில் ஒரு திட்டம். 'பருவத்துக்கு ஏற்ப நொடிக்கு 100 முதல் 200 கன அடி தண்ணீரை ஆற்றிலேயே விட்டுவை, இல்லாவிட்டால் மீன் சாகும்' என்று மாநிலம் நிபந்தனை போட்டது. 'அது தண்ணீரின் அளவு, தரமல்ல. தரத்தைப் பற்றி மட்டும் பேசு' என்றார்கள் திட்டக்காரர்கள். 1994இல் உச்சநீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. அளவு வேறு, தரம் வேறு என்று பிரிப்பதே செயற்கையானது. தண்ணீரே இல்லாத ஆற்றில் தரம் எங்கேயிருந்து வரும் என்பதுதான் அதன் சாரம்.

2006இல் மறுபடியும் ஒரு வழக்கு. மெய்ன் மாநிலத்தில் பிரிசம்ப்ஸ்காட் ஆறு. ஒரு காகிதக் கம்பெனிக்கு அங்கே வரிசையாக அணைகள். மாநிலம் குறைந்தபட்ச நீரோட்டமும் மீனுக்கும் விலாங்குக்கும் வழியும் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 'வெளியேற்றம் என்றால் எதையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும், நாங்கள் சேர்க்கவில்லையே' என்ற பழைய பாட்டைக் கம்பெனி பாடியது. உச்சநீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. வெளியே பாய்வது வெளியேற்றம்தான், அவ்வளவுதான் என்றது. இந்தத் தீர்ப்பைப் பேசுகிறவர்கள் அநேகமாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. இதே ஆற்றுக்காக 1739இல் போலின் என்ற பூர்வகுடித் தலைவர் போஸ்டனுக்குப் போய் ஆளுநரைப் பார்த்து, அணை மீனை மறிக்கிறது, எங்கள் சனங்களுக்குச் சோறில்லை, வழிவிடச் சொல்லுங்கள் என்று முறையிட்டார். ஆளுநரும் சரியென்றார். அது காகிதத்தோடு போயிற்று. 1756இல் போலின் வெள்ளைக் குடியேறிகளோடு நடந்த சண்டையில் சுட்டுக்கொல்லப்பட்டார். மீனுக்கு வழி விடு என்பது நிபந்தனையாக நிற்க 267 வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் அவர் சனங்களின் பேரில் அல்ல, மாநிலத்தின் பேரில்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. நீர்த்தரம் என்றால் ஏதோ ஆய்வுக்கூடத்து எண், விஞ்ஞானி பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறோம். சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். அமெரிக்கச் சட்டத்தில் எண் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது, இந்தத் தண்ணீர் எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி. குடிக்கவா, குளிக்கவா, மீன் வாழவா, படகு விடவா? பயன்பாட்டை எழுதிவிட்டால் அதற்குத் தக்க எண் பின்னாலேயே வரும். யாருடைய பயன்பாடு பட்டியலில் இல்லையோ அவருக்கு ஆறு கெட்டாலும் சட்டப்படி ஆறு கெடவில்லை. ஆக தரம் என்பது ஓர் ஆள்கணக்கு. யார் ஆள், யார் ஆள் இல்லை என்கிற கணக்கு.

அந்தக் கணக்கைப் பூர்வகுடிகள் தங்கள் கையில் எடுத்த இடம் ஒன்று உண்டு. 1987இல் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, தகுதிபெற்ற பூர்வகுடி அரசுகளை மாநிலத்துக்குச் சமமாக நடத்தலாம் என்றார்கள். நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஐஸ்லெட்டா என்ற சின்னக் குடியிருப்பு. மேல்பக்கத்தில் ஆல்புகர்க்கி என்ற பெருநகரம், அதன் கழிவுநீர் நிலையம். ஐஸ்லெட்டா சனங்கள் 1992இல் தங்கள் நீர்த்தரத்தை எழுதினார்கள். பயன்பாடு என்ற இடத்தில் 'சடங்கு' என்று போட்டார்கள். எங்கள் ஆட்கள் இந்த ஆற்றில் முங்குவார்கள், வாயில் தண்ணீர் போகும், அதற்கேற்ற தரம் வேண்டும் என்றார்கள். மாநிலத்தின் தரத்தைவிடக் கடுமையானது அது. நகரம் வழக்குப் போட்டது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 1997இல் உச்சநீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. இது நீர்மின் வழக்கல்ல, சாக்கடை வழக்கு. ஆனாலும் கீழே இருக்கிறவன் எழுதிய தரத்துக்கு மேலே இருக்கிறவன் கட்டுப்பட வேண்டிவந்த அதிசயம் நடந்ததால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

நமக்கு இது புதுசா என்ன? 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் நகரத்தின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார், ஆயிரக்கணக்கான சனங்கள் குடித்தார்கள். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தப்படுத்தினார்கள்'. 108 குடம் தண்ணீரை வெளியே எடுத்து, மாட்டுச் சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து குளத்துக்குள் திருப்பி ஊற்றினார்கள். குளத்தில் மாடு இறங்கியபோது கெடாத தரம், மனுசன் இறங்கியபோது கெட்டுப்போயிற்று. சாணி போட்டதும் சரியாகிவிட்டது! இந்த நாட்டில் நீர்த்தர வாரியம் 1974இல் பிறந்ததாகப் பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நான் நம்புவதில்லை.

மறுபடியும் கிளாமத்துக்குப் போகிறேன். அங்கே அந்தச் சான்றிதழ் பட்ட பாடு இருக்கிறதே, அதை இயக்கம் நடத்துகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அணைகளை நடத்திய பசிஃபிகார்ப் கம்பெனியின் ஐம்பதாண்டு உரிமம் 2006இல் முடிந்தது. அதற்கு முன்பே, 2002 செப்டம்பரில், ஆற்றின் அடிப்பகுதியில் குறைந்தது 34,000 சால்மன்கள் செத்து மிதந்தன. அதற்கு நேரடிக் காரணம் மேலே பாசனத்துக்குத் திருப்பிவிட்டதால் நீர் குறைந்து, சூடேறி, செவுள் நோய் பரவியது. முழுப்பழியையும் மின் அணைகளின் தலையில் கட்டுவது சரியாகாது. ஆனால் அந்த நாற்றம் சனங்களைக் கிளப்பிவிட்டது. அப்போது கம்பெனி ஒரு ஸ்காட்லாந்து மின் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2004இல் பூர்வகுடிகள் கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கே போய்விட்டார்கள். 2006இல் கம்பெனி கைமாறி பெரும் பணக்காரர் வாரன் பஃபெட்டின் நிறுவனத்துக்குப் போனதும், ஒமாகா நகரில் அவருடைய பங்குதாரர் கூட்டத்துக்கும் போய் நின்றார்கள். இன்னொரு பக்கம், சால்மன் இல்லாமல் போனதால் தங்கள் சனங்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் பெருகியதை ஆய்வாக எழுதி, 2005இல் காருக் சனங்கள் உரிம ஆணையத்தின் மேசையில் வைத்தார்கள். ஆற்றின் தரத்தை உடம்பின் நோயால் அளந்த ஆவணம் அது.

2006இல் கம்பெனி ஓரெகனிடமும் கலிபோர்னியாவிடமும் நீர்த்தரச் சான்று கேட்டு விண்ணப்பித்தது. ஒரு வருஷக் கெடு ஓடத் தொடங்கியது. கெடு முடியும் முன்பு கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதையே மறுபடி கொடுத்தது. புது விண்ணப்பம், புதுக் கெடு. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். பத்து வருஷத்துக்கு மேலாக இந்தக் கூத்து நடந்தது. மாநிலங்களும் தலையாட்டின. அதுவரைக்கும் பழைய உரிமமே வருஷாவருஷம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு ஓடியது. பாசி பூத்துக்கொண்டிருந்தது, மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு உடன்படிக்கை இருந்தது. 2010இல் கம்பெனி, இரண்டு மாநிலங்கள், மத்திய அரசு, யூரோக், காருக், கிளாமத் சனங்கள், மீனவர்கள், சூழலியல் அமைப்புகள் எல்லோரும் சேர்ந்து, 2020 வாக்கில் அணைகளை இடிப்பது என்று கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை சான்று வேலையை நிறுத்திவைப்பது என்பதும் அதில் ஒரு ஷரத்து. ஹூபா சனங்கள் கையெழுத்துப் போடவில்லை. 'எங்க பங்குக்கு ஆறு இப்பவே கெட்டுக்கிட்டிருக்கு, நீங்க உக்காந்து பேசி முடிக்கிற வரைக்கும் சட்டத்தை ஏன் தூங்க வைக்கணும்' என்பதுதான் அவர்கள் வாதத்தின் சுருக்கம். 2012இல் மத்திய ஆணையத்திடம் போனார்கள்; ஆணையம் 2014இல் கைவிரித்தது. நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 ஜனவரி 25ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: ஒரே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு சட்டத்தை ஏமாற்றுவது, இரண்டு மாநிலங்களும் தங்கள் உரிமையை இழந்துவிட்டன. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அப்போது ஆணையத்தின் முன்னிருந்த 43 உரிம விண்ணப்பங்களில் 27 மாநிலச் சான்றுக்காகக் காத்திருந்தன. நான்கு பத்து வருஷத்துக்கு மேலாக.

ஹூபா ஜெயித்தது. சந்தோஷப்படலாமா? இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தீர்ப்பு வந்ததும் வேறு வேறு ஆறுகளில் இருந்த அணைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 'எங்க மாநிலமும் ஒரு வருஷத்தைத் தாண்டிருச்சு, நிபந்தனை செல்லாது' என்றார்கள். ஆணையமும் பல இடங்களில் ஆமாம் போட்டது. கலிபோர்னியாவின் யூபா, மெர்சிட் ஆறுகளில் அப்படி ஆனதை 2022இல் இன்னொரு நீதிமன்றம் தலையிட்டுத் திருப்பியது. ஒடுக்கப்பட்டவன் தனக்காக வாங்கிய தீர்ப்பை ஆதிக்கக்காரன் தன் ஆயுதமாக்கிக்கொள்வது நமக்கும் தெரிந்த கதைதான். அதற்காக ஹூபாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சட்டம் கொடுத்த ஒரு வருஷத்தைப் பன்னிரண்டு வருஷமாக இழுத்தவர்கள் அவர்களல்ல. கையெழுத்துப் போட்டவர்களையும் துரோகிகள் என்று எழுத மாட்டேன். கடைசியில் அணைகள் இடிந்தது அவர்கள் இழுத்துப் பிடித்த உடன்படிக்கையின் வழியாகத்தான். பேச்சுவார்த்தைக்குப் போனவனும் போகாதவனும் ஒரே ஆற்றங்கரையில் வாழ்கிறார்கள். நம்மிடையே இப்படி ஒரு கருத்து வேறுபாடு வந்தால் மறுநாளே இரண்டு இயக்கம், இரண்டு கொடி, ஒருவரை ஒருவர் திட்டி நாலு துண்டறிக்கை. இதை எழுதுவதற்காகக் கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, கம்பெனி ஏன் இடிக்கச் சம்மதித்தது? மனம் திருந்தியா? நான்கு அணையும் சேர்ந்து 163 மெகாவாட்தான். கம்பெனியின் மொத்த உற்பத்தியில் இரண்டு சதவீதம்கூட இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் மத்திய மீன்வளத் துறைகள் கேட்ட மீன்வழி கட்ட வேண்டும், நீர்த்தரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்குப் பார்த்தால் இடிப்பதே மலிவு. ஒழுங்குமுறை என்ற அந்தச் சலிப்பூட்டும் காகிதத்தின் வேலை இவ்வளவுதான்: அதுவரை சனங்களின் உடம்பில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த செலவை எடுத்துக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் எழுதியது. இடிப்பதற்கும் அதே 401ஆம் பிரிவின் சான்று தேவைப்பட்டது என்பது வேடிக்கை. ஓரெகன் 2018இலும் கலிபோர்னியா 2020இலும் கொடுத்தன. 2022 நவம்பரில் மத்திய ஆணையம் உரிமத்தை ஒப்படைக்க ஒப்புதல் தந்தது.

இடித்ததும் எல்லாம் பளிங்காக மாறிவிடவில்லை. 2024 தொடக்கத்தில் தேங்கிய சேறு அவ்வளவும் ஆற்றில் இறங்கி நீர் கலங்கியது. பிப்ரவரி கடைசியில் பண்ணையில் வளர்த்து விட்ட சுமார் 8,30,000 சால்மன் குஞ்சுகள் செத்தன. சேற்றினால் அல்ல, இன்னும் இடிக்கப்படாமல் நின்ற அயர்ன் கேட் அணையின் சுரங்கத்துக்குள் போகும்போது, நான் மேலே சொன்ன அந்த வாயுக் குமிழி நோயால். அணை சாகும்போதும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் செத்தது. அதே வருஷம் ஜூனில், காப்கோ அணைக்காக நூறு வருஷத்துக்கு முன் பிடுங்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்ட 2,800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை சாஸ்தா சனங்களிடம் திருப்பித்தர கலிபோர்னியா அரசு முன்வந்தது. நிலம் திரும்பியது என்ற செய்தியைப் படித்தபோது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், பஞ்சமி நிலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இனி நம் பக்கம். இந்தியாவின் நீர்மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது, அமெரிக்கச் சட்டத்துக்கு இரண்டே வருஷம் பின்னால். நம்முடைய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆற்றை ஐந்து வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. கிருமிநீக்கி மட்டும் போட்டுக் குடிக்கலாம் என்றால் ஏ. குளிக்கலாம் என்றால் பி. சுத்திகரித்துக் குடிக்கலாம் என்றால் சி. மீனும் காட்டுயிரும் வாழலாம் என்றால் டி. பாசனத்துக்கும் ஆலைகளைக் குளிர்விக்கவும் ஆகும் என்றால் ஈ. இதற்குப் பேர் 'சிறந்த பயன்பாடு'. யாருக்குச் சிறந்தது? அணைக்குக் கீழே ஆற்றில் வலைவீசிப் பிழைக்கிற குடும்பத்தை, ஆற்று ஊற்றில் குடம் நிரப்புகிற பெண்ணை, துணி வெளுக்கிறவரை யாராவது கூப்பிட்டுக் கேட்டு எழுதினார்களா? கலிபோர்னியாவின் நீர்வள வாரியம் 2017இல் பூர்வகுடிப் பண்பாடு என்பதையும், பிழைப்புக்காக மீன்பிடிப்பதையும் தனிப் பயன்பாட்டு வகைகளாக வரையறுத்தது. அப்படி எழுதவைத்தது கருணையல்ல, நச்சரிப்பு.

அணைகள் விஷயத்தில் நம் நிலைமை இன்னும் மோசம். அங்கே உரிமத்துக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடியும்போது கம்பெனி சனங்கள் முன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நீர்மின் நிலையங்களை நடத்துவது பெரும்பாலும் அரசின் மின் நிறுவனமே. பைக்காரா 1932இலிருந்து ஓடுகிறது. முப்பதாண்டுக்கு ஒருமுறை வந்து கணக்குக் கொடு என்று அதைக் கேட்கும் அமெரிக்க மாதிரி ஏற்பாடு எதுவும் இங்கே இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டங்களைத் தொடவே இல்லை. 2016இல் மாசு வாரியம் தொழில்களுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று நிறம் பூசியபோது அந்தச் சிறு நீர்மின் நிலையங்களுக்கு வெள்ளை பூசியது. வெள்ளை என்றால் மாசே இல்லாதது. 2019இல் பெரிய அணைகளின் மின்சாரமும் புதுப்பிக்கத்தக்கது என்ற பட்டியலில் சேர்ந்தது. 2024இல் நீர்ச் சட்டத்தையே திருத்தினார்கள். பல குற்றங்களுக்குச் சிறை போய் அபராதம் வந்தது. சில வகைத் தொழில்களுக்கு வாரியத்தின் இசைவே வேண்டாம் என்று மத்திய அரசு விலக்குத் தரலாம் என்றும் ஆனது. அந்தத் திருத்தம் முதலில் அமலுக்கு வந்த மாநிலங்களில் ஒன்று, அணைகள் நெருங்கிக் கிடக்கும் இமாசலப் பிரதேசம்.

அமெரிக்காவிலும் அந்தச் சந்தை அடைக்கும் வேலை நின்றுபோகவில்லை. 2020இல் டிரம்ப் ஆட்சி 401ஆம் பிரிவை 'வெளியேறும் நீரை மட்டும் பார், ஆறு முழுவதையும் பார்க்காதே' என்று விதி போட்டுச் சுருக்கியது. 2023இல் அடுத்த ஆட்சி விரித்தது. 2025இல் மறுபடியும் மறுபரிசீலனை தொடங்கியது.

அந்த மாணவத் தோழருக்கு ஒரு வேலை இருக்கிறது. கிளாமத்தில் பாசியின் நஞ்சை அளந்து ஊருக்குச் சொன்னதில் காருக், யூரோக் சனங்களின் சொந்தச் சூழல் துறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வாரங்கள்தோறும் ஆற்றில் இறங்கி மாதிரி எடுத்தார்கள். கம்பெனி கொண்டுவந்த எண்ணுக்கு எதிரே வைக்க அவர்களிடம் சொந்த எண் இருந்தது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது பெரிய வித்தையல்ல. வேதியியல் படிக்கிற எந்தத் தோழருக்கும் விங்கலர் முறை தெரியும்: மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு, கொஞ்சம் கந்தக அமிலம், ஸ்டார்ச், தயோசல்பேட். கல்லூரிக் கூடத்திலேயே எல்லாம் இருக்கிறது. காற்றுக் குமிழி புகாமல் பாட்டிலை நீருக்குள் முக்கி மூட வேண்டும், முதல் இரண்டு மருந்தையும் கரையிலேயே போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மின் நிலையத்துக்கு மேலே ஓரிடம், நீர் வெளியேறுகிற வாய்க்குக் கீழே ஓரிடம், இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி ஓரிடம். விடியற்காலையில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, கூடவே வெப்பமானியையும் வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வாரியத்தின் டி வகுப்பிலேயே அந்த ஆறு தேறாது. ஒருநாள் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு கோடை முழுவதும் அளக்க வேண்டும். எண்ணோடு கூட, அந்தக் கரையில் யார் யார் அந்தத் தண்ணீரை எதற்கு எடுக்கிறார்கள் என்ற பட்டியலையும் எழுதி அனுப்புங்கள். இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.